டேங்கின் அடியில் கிடந்தவை

அம்மா இறந்து ஒரு வருஷமாகியும் என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டேங்கை நான் கழற்றவில்லை. உள்ளே துரு இருக்கிறது என்பது தெரியும். கலேவெலவில் நான் வேலை செய்யும் விவசாய மருந்துக் கடைக்கு எதிரிலேயே ஒரு கராஜ் இருக்கிறது. என் வண்டி திக்கித் திணறி வரும் சத்தம் கேட்டாலே அதன் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். "டேங்கக் கழட்டுவோம் மல்லி, அரை நாள் வேலை" என்று சிங்களத்தில் சொல்வார்; மல்லி என்றால் தம்பி. வாற கிழமை என்று நானும் சிங்களத்தில் சொல்வேன். எத்தனையோ கிழமைகள் அப்படிப் போய்விட்டன.

சோம்பேறி என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் எனக்குப் பயம். டேங்கைத் திறந்து அடியில் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அன்றைக்கு நடந்ததற்கு யார் காரணம் என்பது முடிவாகிவிடும். திறக்காதவரை வேறு ஏதாவது கோளாறாக இருக்கும் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளலாம். பிளக் பழசு, கார்பரேட்டர் பழசு, வண்டியே பழசு. இப்படி ஏதாவது.

நான் பிறந்தது எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவை எனக்கு ஞாபகமில்லை. அம்மா கொழுந்து பறித்து அக்காவையும் என்னையும் வளர்த்தார். நான் படித்துவிட்டு, வேலை தேடி, கடைசியில் மலையை விட்டு இறங்கிக் கலேவெலவுக்கு வந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை தந்தார்கள். கல்யாணம் என்று ஒன்று கூடிவந்து கலைந்து, அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அக்கா தோட்டத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. புள்ளக்காம்பராவில், கொழுந்துக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு, நாங்கள் வளர்ந்த அதே லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் இருந்தார். நான் போய்விட்டதால்தான் அவர் இருக்க வேண்டியதாயிற்று என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மோட்டார் சைக்கிள் வாங்கியதே அம்மாவைப் பார்க்கப் போகத்தான். ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டால் பல்லேபொல வழியாக மாத்தளை போய், அங்கிருந்து மலை ஏறி, பத்து மணித் தேநீருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். கலேவெல மரக்கறி ஒரு பை, அம்மாவுக்கு வெற்றிலை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அம்மா அதிகம் பேசமாட்டார். நான் கிளம்பும்போது மட்டும், "மெதுவா போ, வளைவுல ஹோன் அடி" என்பார்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருஷம் அது நின்றுபோனது. கலேவெல பெற்றோல் செட்டில் வரிசை பிரதான வீதியைத் தாண்டி வயல்வரைக்கும் போனது. இரண்டு நாள் நின்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. நான் முதலில் கொஞ்ச நாள் நின்றேன். பிறகு விட்டுவிட்டேன். பஸ்ஸும் சரியாக ஓடவில்லை. ஓடியதில் கால் வைக்க இடமில்லை. ஐந்து மாதம் நான் மலைக்குப் போகவில்லை. போனில் பேசினேன். "பெற்றோல் இல்லம்மா" என்பேன். "அது சரிதான் சாமி" என்பார். இப்போது நினைத்துப் பார்த்தால், முயன்றிருந்தால் இரண்டு முறையாவது போயிருக்கலாம். ஊர் முழுக்க ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் அதைச் சொல்வது எளிதாக இருந்தது.

அந்த ஐந்து மாதமும் வண்டி கடைக்குப் பின்னால் ஒழுகும் தகரத்தின் கீழே காலி டேங்கோடு நின்றது. டேங்கில் எண்ணெய் நிறைந்திருந்தால் துரு பிடிக்காது, காலியாக விட்டால் உள்ளே ஈரம் கட்டித் துரு பிடிக்கும் என்று கராஜ் பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. மீண்டும் பெற்றோல் கிடைக்கத் தொடங்கி நான் வண்டியை எடுத்தபோது, ஓடும், திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். பெற்றோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினால் சரியாகும். அப்படி ஊதி ஊதியே ஓட்டப் பழகிவிட்டேன்.

அம்மா போன அன்று காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். கடையில் ஒரு வயல்காரருக்குத் தெளிக்கும் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் வந்தது. அம்மா தண்ணீர்ப் பீலிக்கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது, தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். பின்னால் லொறியின் சத்தம். "நீ நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துரு தம்பி" என்றார். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

முதலாளி எதுவும் கேட்காமல் அனுப்பினார். நான் வண்டியை எடுத்தேன். பல்லேபொலவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பக்கம் வயலும் மறு பக்கம் மிளகுக்கொடி ஏறிய வீட்டுத் தோட்டங்களும் இருக்கும் இடத்தில் முதல் தடவை நின்றது. ஊதினேன். ஓடியது. ஒரு மைல் போயிருக்காது, மறுபடி நின்றது. இந்த முறை ஊதியும் சரிவரவில்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் நடுங்கியது.

வேலியோரம் கிளிசரிசியாக் கிளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான சிங்கள மனிதர் கத்தியை வைத்துவிட்டு வந்தார். என்ன அவசரம் என்று கேட்டார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "பைக்க எங்க தோட்டத்துக்குள்ள வுட்டுட்டு பஸ்ல போங்க மல்லி. பைக்குக்கு நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாத்தளை பஸ் வந்தது. எனக்காக அவரே ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். பஸ் நின்றது.

நான் ஏறவில்லை.

அந்த நொடியில் குழாயிலிருந்து பெற்றோல் சொட்டத் தொடங்கியிருந்தது. இதோ ஸ்டார்ட் ஆகிவிடும், பஸ்ஸைவிட வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன். கொண்டக்டர் பலகையில் இரண்டு தட்டுத் தட்ட, பஸ் போய்விட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகியது. ஐந்து நிமிஷம் ஓடி, பல்லேபொலச் சந்தியைத் தாண்டி, மறுபடி நின்றது. அக்கா போன் எடுத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். "பல்லேபொல வந்துட்டேன், இன்னும் அரை மணித்தியாலம்" என்றேன். அதன் பிறகு இன்னும் இரண்டு தடவை நின்றது. ஒரு ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைந்தபோது பன்னிரண்டே முக்கால். வார்டுக்கு வெளியே மர வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அம்மாவின் செருப்பின் நுனி அதில் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணி போல போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையெல்லாம் பெற்றோல் மணம். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கடைசி வரைக்கும் உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 'வந்துட்டானா, வந்துட்டானா'ன்னு."

அன்றைக்கு அக்கா பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. சாவு வீட்டு வேலைகள், முப்பத்தோராம் நாள் எல்லாம் முடிந்து நான் கலேவெலவுக்குத் திரும்பிய பிறகும் அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. கடையில் யாராவது பின்னாலிருந்து, "வந்துட்டாரா?" என்று முதலாளியைத் தேடிக் கேட்டால் எனக்கு உடம்பு தூக்கிப்போடும். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால், நான் அந்த ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கதவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றும். எழுந்துவிடுவேன். அந்த வருஷம் நான் மிகவும் மெலிந்துபோனேன்.

அக்காவோடு பேசுவதும் குறைந்தது. போன் எடுத்தால், "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மழையா?" "மழைதான்." அவ்வளவுதான். மலைக்கு நான் மூன்று முறைதான் போனேன். மூன்று முறையும் பஸ்ஸில்.

வருஷத் திதிக்கு மட்டும் வண்டியில் போனேன். சமையலுக்கு வேண்டிய மரக்கறி, தேங்காய் எல்லாம் நான் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தேன், பஸ்ஸில் தூக்க முடியாது. எல்கடுவ ஏற்றத்தில் மூன்று தடவை நின்றது. மழையில் நனைந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா துவாயைக் கொண்டுவந்து நீட்டினார். ஏன் பிந்தியது என்று கேட்கவில்லை. வண்டியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் படையல் முடிந்தது. அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்த சோற்றைக் காகத்துக்கு வைத்தோம். வந்த நாலைந்து பேரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு நான் கிளம்பப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. ஊதினேன். உதைத்தேன். அக்கா இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத இங்கயே கழட்டு தம்பி."

"கலேவெலயில கராஜ் இருக்குக்கா. அங்க போய்..."

"கராஜ் ஒரு வருசமா அங்கதான் இருக்கு."

இருக்கைக்குக் கீழே இருந்த, நட்டுக் கழற்றும் சாவிகளை எடுத்தேன். இருக்கையைக் கழற்றினேன். டேங்கைப் பிடித்திருந்த பின்பக்க நட்டைக் கழற்றி, பெற்றோல் குழாயை உருவினேன். அக்கா நான் சொல்லாமலே உள்ளே போய், அடுப்பில் இருந்த தண்ணீரை இறக்கிவிட்டு, நெருப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். பிறகு ஒரு பழைய கேனைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பெற்றோலை வடித்தோம். வரும்போதே அது தேநீர் நிறத்தில் வந்தது.

டேங்கைத் தூக்கி ஒரு சாக்கின் மேல் கவிழ்த்தேன். அசைத்தால் உள்ளே மணல் உருளும் சத்தம். அடிப்பக்கத்தில் பெற்றோலைத் திறந்து மூடும் திருகைக் கழற்றி இழுத்தேன். அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு வலைக்குழாய் டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது முழுக்கத் துரு அப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். துருவும் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி வெள்ளையாக, ஈரத் தோல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் உரித்தெடுத்தேன். உள்ளங்கை அளவு பொலித்தீன் துண்டு. பெற்றோலில் ஊறி நிறம் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தட்டுப்பாடு முடியும் நேரத்தில், தெரிந்த ஒருவர் எனக்கு ஒரு கேனில் பெற்றோல் கொடுத்திருந்தார். கேனின் மூடி சரியாக இறுகவில்லை. பச்சை சொப்பிங் பேக் ஒன்றைக் கிழித்து வாயில் வைத்து அதன் மேல் மூடியைத் திருகினேன். அறையில் இரண்டு நாள் இருந்தது. டேங்கில் ஊற்றிய பிறகு பார்த்தேன், பொலித்தீனில் ஒரு மூலை இல்லை. இல்லை என்பதை அன்றே பார்த்தேன். எங்கே போயிருக்கும் என்று ஒரு நொடி யோசித்தும் பார்த்தேன். பிறகு மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஓட்டப்போகிற சந்தோஷம்.

இந்தத் துண்டு உள்ளே அலைந்து திரிந்திருக்கிறது. வலையில் வந்து ஒட்டும்போது பெற்றோல் நின்றிருக்கிறது, வண்டியை ஆட்டும்போது விலகியிருக்கிறது. துரு என்றால் காலத்தின் குற்றம், தட்டுப்பாட்டின் குற்றம் என்று சொல்லலாம். இது என் கையால் போட்டது.

"என்ன அது?" என்று அக்கா கேட்டார்.

சொன்னேன். கேன், மூடி, கிழிந்த மூலை, எல்லாவற்றையும். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னக்கி ஒரு பஸ் வந்துச்சு. எனக்காக நிப்பாட்டுனாங்க. நான்தான் ஏறல."

அக்கா கையில் வைத்திருந்த துணியை மெதுவாக மடித்தார். "எத்தன மணி இருக்கும்?"

"பத்தே முக்கால் இருக்கும்."

"அதுல வந்திருந்தா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். பதினொன்றேமுக்காலுக்கு முன்னால் வார்டில் இருந்திருப்பேன்.

கொஞ்ச நேரம் இருவரும் வேலையைப் பார்த்தோம். தோட்டத்துக் கடையில் இரண்டு போத்தல் வினாகிரி வாங்கி வந்தேன். திருகு இருந்த துளையைப் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடைத்தேன். உள்ளே ஒரு பிடி நட்டும் சின்னச் சின்ன ஆணியும் போட்டு, வினாகிரியை ஊற்றி மூடியைப் பூட்டினேன். இனி ஆட்ட வேண்டும். விடாமல் ஆட்ட ஒரு ஆளால் முடியாது. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாக்கை விரித்துப் பிடித்துத் தவிடு புடைப்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினோம். சத்தம் கேட்டு அடுத்த காம்பராவிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தோள் வலித்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஆட்டினோம்.

மூன்றாவது தடவை நிறுத்தியபோது அக்கா தன் பக்கத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"அம்மா ஒன்னும் கேக்கல தம்பி."

எனக்கு விளங்கவில்லை. "என்னக்கா?"

"அன்னக்கி. உன்னயக் கேட்டாங்கன்னு சொன்னேன்ல. கேக்கல. லொறியில ஏத்துனதுக்கு அப்புறம் அம்மா ஒரு வார்த்தயும் பேசல. கண்ணு தொறந்திருந்துச்சு. ஆனா பாக்கல."

நான் டேங்கைப் பிடித்தபடியே இருந்தேன். உள்ளே ஒரு நட்டு உருண்டு ஓரத்தில் மோதி நின்றது.

"அப்ப எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. 'மகன் வந்தா, ஒன்னயத்தான் நெனச்சுக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லு, அவனுக்கு ஆறுதலா இருக்கும்'னாங்க. எனக்கும் அப்ப அது சரின்னுதான் பட்டுச்சு." அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஆறுதலுக்கு மட்டும் சொல்லல. கொஞ்சம் சுடட்டும்னும்தான் சொன்னேன். அஞ்சு மாசம் நீ வரல. அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அந்த ரோட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அத நான்தான் பாத்தேன், நீ பாக்கல."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. வேறு ஏதோ வந்தது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் குரல் அம்மாவின் குரலே இல்லை. அது என்னை எவ்வளவு வதைத்திருந்தாலும் என்னிடம் இருந்த கடைசிக் குரல் அதுதான். இப்போது அதுவும் இல்லை. அம்மா என்னைத் தேடவில்லை. யாரையும் தேடவில்லை. கண் திறந்திருந்து, எதையும் பார்க்காமல் போய்விட்டார்.

"ஆட்டுவோம்" என்றேன். ஆட்டினோம்.

காலைவரை ஊறட்டும் என்று டேங்கை இஸ்தோப்பின் மூலையில் வைத்தோம். கடைக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரமாட்டேன் என்றேன். அக்கா மறுபடி அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டார். நான் ஒன்றுக்கு மேல் சாப்பிடவில்லை. அக்கா வற்புறுத்தவில்லை.

காலையில் பனி இறங்கியிருந்தது, எதிர் லயம் தெரியவில்லை. புள்ளக்காம்பராவுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. அக்கா ஒரு பேசினைக் கொண்டுவந்து அதன் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். நான் டேங்கைச் சரித்தேன். முதலில் கறுப்பாக வந்தது, பிறகு செங்கல் நிறத்தில். துணியில் துரு படிந்தது. பொடியாக அல்ல, மீன் செதில் மாதிரி தகடு தகடாக. நட்டும் ஆணியும் மினுங்கிக்கொண்டு விழுந்தன, அவை மட்டும்தான் சுத்தமாக இருந்தன. பிறகு ஒரு செத்த குளவி விழுந்தது. எப்போது உள்ளே போனதோ. மறுபடி தண்ணீர் ஊற்றி, ஆட்டி, வடித்தோம். அப்பச்சோடா கரைத்து ஊற்றி, ஆட்டி, வடித்தோம். ஏழாவது தடவையும் தண்ணீர் சுத்தமாக வரவில்லை. விளக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். பக்கங்கள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. கை எட்டாத மடிப்புகளில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"முழுசா போகாதா?" என்று அக்கா கேட்டார்.

"போகாது. இவ்வளவுதான்."

துணியில் சேர்ந்ததை எல்லாம் அக்கா ஒரு பேப்பரில் சுற்றினார். இரண்டு பிடி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டப் போனவர் கீரைப் பாத்தியைப் பார்த்துவிட்டு நின்றார், திரும்பிக் குப்பைக் குழிக்குப் போனார். பொலித்தீன் துண்டை நான் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதையும் கேட்டார். கொடுத்தேன்.

ஈரத்தோடு விட்டால் திரும்பத் துரு பிடித்துவிடும். வெயில் வருகிற மாதிரித் தெரியவில்லை. துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டேன்.

"ஒரு வருசம் கழிச்சு இப்ப மட்டும் எதுக்குக்கா சொன்னீங்க?"

அக்கா உள்ளே போனார். வேலைக்குப் போகச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்று தலையை முடிந்தபடி சொன்னார்: "அந்தப் பொலித்தீனக் கையில வச்சுக்கிட்டு நீ நின்ன நிலையப் பாக்க முடியல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் பனிக்குள் மறைந்த பிறகுதான் அந்தப் பதில் எனக்குள் இறங்கியது. என் நிலையைப் பார்க்க முடியாமல் சொன்னது என்றால், அது உண்மை என்பதற்காகச் சொன்னதா, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொன்னதா? ஒரு முறை ஆறுதலுக்காக ஒன்றைச் சொன்னவர் இரண்டாம் முறையும் சொல்லலாம் அல்லவா? ஆஸ்பத்திரியில் சொன்னது பொய்யா, இஸ்தோப்பில் சொன்னது பொய்யா? இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதையும் என்னால் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு மேல் பனி விலகிக் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. டேங்கை வாய் திறந்து வெயிலில் வைத்து, அது நகர நகர நானும் நகர்த்தினேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கொஞ்சம் பெற்றோல் ஊற்றி அலசிக் கொட்டினேன். கேனில் தெளிந்திருந்த பெற்றோலைத் துணியில் வடித்து ஊற்றினேன். வலைக்குழாயைத் தூரிகையால் தேய்த்துத் திருகை மாட்டினேன். இரண்டாவது உதைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகியது. நிற்காமல், திணறாமல் ஓடிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். அன்றைக்கு இப்படி ஓடியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போகும் வழியில் புள்ளக்காம்பரா வாசலில் நிறுத்தினேன். அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தார்.

"சரியா?"

"சரிக்கா. ஓடுது."

"மழைக்கு முன்ன போய்ச் சேரு."

மாத்தளை, பல்லேபொல, கலேவெல. எங்கேயும் நிற்கவில்லை. மிளகுத் தோட்டத்து வேலியைத் தாண்டும்போது அந்த மனிதர் இருக்கிறாரா என்று பார்த்தேன். வேலிப் படலை சாத்தியிருந்தது. அவரிடம் ஒருநாள் போய் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை மலைக்குப் போகிறேன். மரக்கறி கொண்டுபோகிறேன். அக்காவும் நானும் முன்பைவிட அதிகம் பேசுகிறோம், ஆனால் அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, போனில், கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், எனக்குப் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்க சொன்னது உண்மைதானா?"

"எத?" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் சொன்னதையா, இஸ்தோப்பில் சொன்னதையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு அக்கா, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.